அடியில் போக ஆளில்லை

கிழக்கு வெளுக்கும் முன்பே வடம் தோளில் ஏறிவிட்டது. நாகமரைக் கரைச் சேறு முழங்கால்வரை இழுத்தது. அணைத் தண்ணீர் வற்றிக் கிடந்த கோடை அது. மிட்டாதாரின் பழைய பாய்மரப் படகைக் கரையேற்றிக் கட்டைகளின்மேல் நிறுத்துவதற்குள் எல்லாருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது. செல்லிதான் குரல் கொடுப்பவள். அவள் "ஏலேலோ" என்றால் "ஐலசா" என்று அத்தனை தோளும் அசையும். குரல் இல்லாமல் யாரும் வடத்தை இழுக்கமாட்டார்கள், அந்தக் கரை வழக்கம் அப்படி.

படகு சாயாமல் காப்பது அதன் அடியில் செருகியிருக்கும் கனத்த இரும்புத் தகடு. துருச் சுரண்ட அதைக் கழற்ற வேண்டும். ஆணியை உருவியாயிற்று, தகடு வருவேனா என்றது.

"முழுகிப்போன நம்ம மாரியம்மன் கோயில் கல்லுல மோதி வளைஞ்சிருக்குது" என்றான் செல்லியின் புருஷன் தீர்த்தகிரி. "அங்க கல்லு நிக்குதுன்னு அன்னைக்கே சொன்னமுங்க. கேட்டாத்தானே!"

செல்லிக்குச் சிரிப்பு வந்தது. ஊரை முழுக்கிய தண்ணீர்மேல் பாய்விரித்து விளையாடுகிறவரை ஆத்தா கொஞ்சம் பிடித்துப் பார்த்திருக்கிறாள்!

மிட்டாதார் குடைக்கடியில் நின்று அதட்டினார். "வடத்த இழுத்து முன்பக்கத்தத் தூக்கிப் புடிங்கடா. டேய் தீர்த்தகிரி, அடியில படுத்துத் தகட்டப் புடிச்சி இழு."

செல்லியின் கண் கரையில் குந்தியிருந்த காளியப்பன்மேல் போயிற்று. போன வருஷம் அப்படிப் படுத்தவன் அவன். தகடு சட்டென்று விடுபட்டு விழுந்து வலது கையைக் கூழாக்கிவிட்டது. அன்றோடு அவனுக்கு வேலையும் போயிற்று. செல்லி மிட்டாதார் பக்கம் திரும்பினாள்.

"எசமான், படக ஒருக்களிச்சிச் சாய்ச்சிட்டா பக்கத்துல நின்னே தட்டி உருவிரலாமுங்க. ஆளு அடியில போவ வேணாம்."

"சாய்ச்சா புதுசா அடிச்ச சாயம் உரிஞ்சிடும்."

"சாயம் போனா மறுக்காப் பூசிக்கலாமுங்க. கை போனா?"

"வாய மூடிக்கிட்டுக் குரல் குடு!"

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க எசமான்" என்றவள், வாயை மூடிக்கொண்டாள். வடத்தைப் பிடித்தவர்கள் அவளையே பார்த்தபடி நின்றார்கள். பொறுக்காமல் மிட்டாதார் தாமே கத்தினார்: "ஏலேலோ!"

கரையில் நின்ற நாரைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அக்கரை ஒட்டனூர் ஆளுங்கள வெச்சி இழுக்கறேன். இனிமே இந்தக் கரையில ஒருத்தனுக்கும் வேலை கெடையாது!"

தீர்த்தகிரி வடத்தைக் கீழே போட்டான். மற்றவர்களும் போட்டார்கள்.

உச்சிக்குள் ஒட்டனூர் ஆட்கள் வந்துசேர்ந்தார்கள். செல்லி மறிக்கவில்லை. காளியப்பன்தான் எழுந்துபோய், நசுங்கிய கையை அவர்கள் முன் நீட்டினான்.

"உங்கள்ல யாரு அடியில போறீங்க?"

அவர்களுக்குக் குரல் கொடுப்பவள் நஞ்சம்மாள். கையைப் பார்த்தாள், படகைப் பார்த்தாள். "ஏன், சாய்ச்சா என்னவாம்?"

"சாயம் போயிடுமாம்" என்றாள் செல்லி.

"அட நாசமாப் போவ!" வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு நஞ்சம்மாள் செல்லியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் ஆட்களும் உட்கார்ந்தார்கள்.

மிட்டாதாரின் குதிரைவண்டி போலீஸைக் கூட்டிவரப் புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று. போகட்டும், வரட்டும்! செல்லி தொண்டையைச் செருமிக்கொண்டு குரல் கொடுத்தாள். இரண்டு ஊரும் சேர்ந்து "ஐலசா" என்றது. வடம் தரையிலேயே கிடந்தது.