மேனேஜரின் மாத்திரை அட்டை

ஆற்றல் அம்மாள் உள்ளே நுழைந்ததும் சர்வேயர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கைப்பையைப் பார்த்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக முப்பது வருடம் எரிந்த கிடங்குகளையும் நசுங்கிய கார்களையும் மோப்பம் பிடித்தவர். ஓய்வு பெற்றும் மூக்கு ஓய்வு பெறவில்லை. வீட்டில் பால் திரிந்தால்கூட, கடைசியாகத் தொட்டது யார் என்று விசாரணை வைப்பார்.

தொடாமலே நோயை ஆற்றுகிறவள் என்று மனைவியின் தோழி அனுப்பிவைத்த பெண்மணி அவள். 'ஆற்றல் அம்மாள்' என்பது சர்வேயர் வைத்த பெயர். பையிலிருந்து வெள்ளைத் துணி, சின்ன மணி, மூன்று பளிங்குக் கற்கள் வெளியே வந்தன.

மெத்தையில் மேனேஜர் படுத்திருந்தது. பதின்மூன்று வயது நாய். நாள் முழுக்கத் தூங்கிவிட்டுச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் எல்லோரையும் முறைப்பதால் அந்தப் பதவி. நாலு நாள் முன்புதான் அதன் வயிற்றிலிருந்து எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டியை எடுத்திருந்தார்கள்.

அம்மாள் கண்ணை மூடி, நாய்க்கு ஒரு சாண் மேலே காற்றைத் தடவினாள்.

"ஏதோ தடுக்குதே... மாத்திரை குடுக்கறீங்களா?"

"வலிக்குத் தினம் ஒண்ணுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றாள் மனைவி.

"அதான்! மாத்திரை ஒரு பக்கம் இழுக்குது, என் ஆற்றல் ஒரு பக்கம் இழுக்குது. நிறுத்திடுங்கம்மா."

"தையலும்தான் ரெண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்குது. அதையும் பிரிச்சிடலாமா?" என்றார் சர்வேயர்.

"சாரோட சந்தேகம் ரூம் முழுக்கப் புகை மாதிரி நிக்குது. சார் கொஞ்சம் வெளியில இருந்தா நல்லது."

சொந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட சர்வேயர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். மனைவி பயபக்தியோடு தலையாட்டிக்கொண்டிருந்தாள். நாற்பது வருடத்தில் தன் பேச்சுக்கு அவள் அப்படி ஒருமுறை ஆட்டியதாக அவருக்கு ஞாபகம் இல்லை. ஆக, மாத்திரை நின்றுவிடும். மேனேஜர் வலியில் கிடந்து துடிக்கும். வாயில்லாத அதற்காக யார் வழக்காடுவது?

மறுநாளிலிருந்து மனைவி குளிக்கப் போகும் நேரம் பார்த்து, ரொட்டித் துண்டுக்குள் ஒரு மாத்திரையை ஒளித்து ஊட்டினார்.

அம்மாள் தினம் காலை வந்து காற்றைத் தடவினாள். மூன்றாவது நாள் மேனேஜரால் எழுந்திருக்க முடியவில்லை. கால்கள் நாலும் நாலு திசைக்குப் போயின. சாப்பாட்டுத் தட்டைக் காட்டியும் கண் பாதிதான் திறந்தது.

"ஆற்றல் நிரம்பி வழியுது. நல்ல அறிகுறி" என்றாள் அம்மாள்.

"விழுந்தா நல்ல அறிகுறி. எழுந்தா?"

"அதுவும் நல்ல அறிகுறிதான் சார்."

"அப்ப நீங்க தோக்கவே மாட்டீங்க."

அவள் போனதும் சர்வேயர் ஃப்ரிட்ஜைத் திறந்து அட்டையை எடுத்தார். அவள் முதலில் வந்த அன்று பத்து இருந்தது, அவர் கொடுத்தது மூன்று, மிச்சம் ஏழு இருக்க வேண்டும். நாலுதான் இருந்தது. அதற்கப்புறம் மூன்று முறை வந்தாள், மூன்று மாத்திரை காணோம்! கையைக் காற்றில் ஆட்டுவது கண்கட்டு. கள்ளத்தனமாக மாத்திரையை ஊட்டிவிட்டு ஆற்றல் என்று பெயர் வாங்குகிறாள். அவருடையதும் சேர்ந்து நாய்க்கு இரட்டிப்பாகியிருக்கிறது. மேனேஜரை மெத்தையோடு தூக்கிக் காரில் போட்டார். மனைவியும் ஓடி வந்து ஏறிக்கொண்டாள்.

நாய் டாக்டரிடம் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்பித்தார். "அந்தப் பொம்பளைதான் டாக்டர். அட்டையே சாட்சி!"

"அவங்க குடுக்கல" என்றாள் மனைவி.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் குடுத்தேன். நீங்க வாக்கிங் போனப்புறம்."

"அவ சொன்னப்போ அப்படித் தலையாட்டினியே!"

"வீடு தேடி வந்தவங்க முகத்துல அடிச்ச மாதிரி சொல்ல முடியுமா? ரெண்டும் இருக்கட்டுமேன்னு நெனச்சேன். நீங்க ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ அவ பக்கம்னு நெனச்சேன்."

"ஏங்க, என்னைக்குத்தான் என்கிட்ட கேட்டு நெனச்சிருக்கீங்க?"

டாக்டர் ஊசியைச் சரிபார்த்தபடி, "வயசான உடம்பு. சாயங்காலம் வரைக்கும் குளுக்கோஸ் ஏறட்டும். எழுந்திருச்சா தப்பிச்சோம். சண்டையை வெளியில வச்சுக்குங்க" என்றார்.

வெளியே பெஞ்சில் இருவரும் ஓர் ஆள் இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். சர்வேயருக்கு விசாரிக்க யாரும் மிச்சமில்லை. மூன்று மணிக்கு மனைவி தன் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் குடித்தார். யார் நிரப்பியது என்று கேட்கவில்லை.

ஐந்து மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள். மேனேஜர் தரையில் நின்றுகொண்டிருந்தது. நின்றது என்பதைவிட, ஆடியது. சர்வேயரைக் கண்டதும் இரண்டடி தள்ளாடி வந்து, அவர் முழங்காலில் முழு எடையையும் சாய்த்துக்கொண்டது.

மனைவியின் போன் அடித்தது. "அந்த ஆற்றல் அம்மாதான்" என்றவள், "எழுந்துடுச்சு, ஆமா..." என்று பேசிக்கொண்டே வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

ஆற்றலுக்கு நன்றி சொல்கிறாளா, நாளையிலிருந்து வர வேண்டாம் என்கிறாளா? கதவோரம் போய்க் காது கொடுத்தால் தெரிந்துவிடும். சர்வேயர் காலை மெல்ல உருவப் பார்த்தார். மேனேஜர் சரியத் தொடங்கியது.

அவர் காலை அங்கேயே வைத்துக்கொண்டார்.