ஒலுவிலில் ஓர் அறை

ஆகிலா நடக்க முடியாமல் கிடந்த மாதங்களில்தான் கடற்கரை முழுவதையும் நடந்து முடித்தாள்.

கல்முனையில் அவள் வேலை செய்த மருந்துக்கடையிலிருந்து வீடு திரும்பும்போது ஸ்கூட்டர் மணலில் சறுக்கி வலது கால் முறிந்திருந்தது. சாய்ந்தமருதில் தன் அறையில், சுழலும் மின்விசிறியைப் பார்த்தபடி மல்லாந்து கிடப்பாள். கண்ணை மூடினால் மருதமுனைக் கரை தெரியும். அங்கிருந்து தெற்கே நடக்கத் தொடங்குவாள். பாண்டிருப்பு, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகும். ஈர மணல் பாதத்தின் கீழ் குழையும். தோணிகளின் நிழலில் நாய்கள் படுத்திருக்கும். சில நாள் ஒலுவில் வரை போய் அந்தத் தென்னைகளின் கீழேயே தூங்கிவிடுவாள்.

விழித்ததும் நடந்ததைப் போனில் எழுதுவாள். அவள் ஒலுவில் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தவள். கரை எங்கே வளைகிறது, எந்த மாதத்தில் காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதெல்லாம் மனத்தில் இருந்தது. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவற்றைச் சேர்த்து ஓர் இணையத்தளம் செய்து, 'கரைவழி' என்று பெயர் வைத்தாள். யாரோ சிலர் வாசித்தார்கள். அவர்கள் எந்த நாட்டில் இருந்து வாசித்தார்கள் என்பதை மட்டும் தளம் காட்டும். அந்த நாடுகளின் பெயர்களைப் பார்த்துக்கொண்டே கிடப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

அவளுடன் படித்த றஹீமா தோஹாவில் ஒரு பயண முகவரிடம் வேலை செய்கிறாள். ஒருநாள் பின்னேரம் அழைத்தாள்.

"இவ்வளவு எழுதிரிக்காய். இதால உனக்கு ஒண்டும் வாறதில்லயா?"

"என்ன வாற?"

"அறை பதியிற கம்பனி ஒண்டுல சேந்துக்க. உனக்கெண்டு ஒரு லிங்க் தருவாங்க. உன்ட பக்கத்துல அத அமத்தி ஒராள் அறை எடுத்தா, அனுப்பின நீதான் எண்டு அவங்களுக்கு விளங்கும். கொமிஷன் தருவாங்க."

"நானே கட்டில்ல கிடக்கன். நான் எங்க ஆள அனுப்புற?"

"நீ எங்க அனுப்புற? உன்ட எழுத்துத்தானே அனுப்புற."

அந்தச் சொல் ஆகிலாவின் மனத்தில் தங்கிவிட்டது. கம்பனிக்கு விண்ணப்பித்தாள். தளத்தில் பக்கங்கள் போதாது என்று மறுத்துவிட்டார்கள். இன்னும் எழுதினாள். இம்முறை ஏற்றுக்கொண்டார்கள். பொத்துவில் வரை உள்ள ஹோட்டல்கள் எல்லாவற்றுக்கும் இணைப்புப் போட்டாள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும், 'இந்த இணைப்பின் வழியாக நீங்கள் அறை எடுத்தால் எனக்கு ஒரு சிறு தரகு கிடைக்கும். உங்களுக்கு விலை கூடாது' என்று எழுதினாள். கடலைப் பற்றி எழுதியதன் மேலே அந்த வரி ஒரு விலைச்சீட்டு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அழித்துப் பார்த்தாள். அழித்தால் பொய் போலிருந்தது. திரும்பவும் போட்டாள்.

அவளுடைய கணவன் நஜீம் ஒரு வான் வண்டி வைத்து வாடகைக்கு ஓடுபவன். பால் விடாத பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு போனில் அந்தப் பக்கங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.

"புள்ள, இந்த ஹோட்டல்ல பார் இரிக்கி. இதுலயும் இரிக்கி. நான் ஆக்கள ஏத்திப் போயிரிக்கன்."

"நமக்கு அறைக் காசுலதானே கொமிஷன் வாற. அவங்க குடிக்கிறதுல இல்ல."

நஜீம் போனைக் கீழே வைத்தான். "அது சரிதான்," என்றான் பிறகு. "ஆனா என்ட மனசு ஒப்புதில்ல. உன்ட மனசு எப்பிடி?"

ஆகிலா அன்று முழுக்க அதை யோசித்தாள். குடும்பத்தோடு தான் போய்த் தங்கக்கூடிய இடங்களை மட்டும் வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தாள். வெட்டிவிட்ட பிறகு தளத்தில் மிஞ்சியவை கொஞ்சம்தான். அவற்றில் ஒன்று ஒலுவிலில் காலிதீன் என்பவரின் வீட்டு மாடி அறை. அவள் அந்த அறையைப் பார்த்ததில்லை. அந்தக் கரை தெரியும். தென்னந்தோப்பையும், அதைத் தாண்டினால் விரியும் வெண்மணலையும், படிக்கிற காலத்தில் கண்டது போலவே எழுதி, கீழே அறையின் இணைப்பைப் போட்டாள்.

இணைப்பை யாராவது அழுத்தினால் கம்பனியின் கணக்குப் பக்கத்தில் தெரியும். சிலர் அழுத்தினார்கள். அறை எடுக்கவில்லை.

கால் ஊன்றி நடக்கத் தொடங்கியதும் அவள் நஜீமிடம் கேட்டது ஒன்றுதான்.

"இஞ்சேருங்க, ஒருக்கா ஒலுவிலுக்குப் போவமா? அந்த அறயப் பாக்கணும்."

காலையில் போனார்கள். வான், கப்பல்களுக்கு ஒளி காட்டும் வெளிச்ச வீட்டைத் தாண்டிக் கரைக்குத் திரும்பியபோது, வழி தவறிவிட்டோம் என்றே ஆகிலா நினைத்தாள். தோப்பு இருந்த இடத்தில் கடல் நின்றது. விழுந்த ஒரு தென்னையின் வேர்கள் தண்ணீருக்குள் தலைமுடி போல அசைந்துகொண்டிருந்தன. கடல் அரிக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தாள். இவ்வளவு கிட்ட வந்திருக்கும் என்று நினைக்கவில்லை.

காலிதீன் வயதான, மெல்லிய மனிதர். மாடி அறையைத் திறந்து காட்டினார்.

"நீங்கதானா மகள் அந்த எழுதுற ஆள்?" என்று கேட்டார். "போன மாசம் ஒரு கொழும்புக் குடும்பம் உங்கட எழுத்த வாசிச்சிட்டு அறயப் பாக்க வந்த. தென்னந்தோப்பு எங்க எண்டு கேட்டாங்க. கடலக் காட்டினன். மாடிக்கு ஏறாமலே போயிட்டாங்க."

அவர் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். ஆகிலாவுக்கு முகம் சுட்டது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கீழே அலை சுவரடியில் மோதும்போது கட்டில் மெல்ல அதிர்ந்தது. ஜன்னல் நிறையக் கடல். மேகம் ஒன்று கடந்து போக, அறையின் வெள்ளைச் சுவரில் பச்சை ஒளி ஏறி இறங்கியது. தான் ஒரு தோணிக்குள் உட்கார்ந்திருப்பதாகவும், கரைதான் மெதுவாக விலகிப் போவதாகவும் அவளுக்குத் தோன்றியது. நஜீம் வந்து தோளைத் தொடும்வரை அப்படியே இருந்தாள்.

வீட்டுக்கு வந்து பழைய பக்கத்தை முழுக்க எடுத்துவிட்டுப் புதிதாக எழுதினாள். தோப்பு இல்லை, கடல் எடுத்துவிட்டது என்று முதல் வரியிலேயே சொன்னாள். நடக்க மணல் அதிகமில்லை. குளிக்க இறங்க வேண்டாம். மாடியில் ஓர் அறை இருக்கிறது. அலைக்கு அலை கட்டில் அதிரும். இங்கே தூக்கம் வருமா என்று எனக்குத் தெரியாது. பகலில் சுவரில் கடல் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

"இத வாசிச்சு ஆர் வாற?" என்றான் நஜீம்.

"வராட்டியும் பறவாயில்ல. வந்து திரும்பிப் போகப்படாது."

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறிய ஒரு காலையில் கணக்குப் பக்கத்தில் புதிய வரி ஒன்று இருந்தது. ஒலுவில், மாடி அறை, அடுத்த மாதம். நாடு, பின்லாந்து. பெயர் இல்லை, கம்பனி பெயர் காட்டாது. ஆகிலா அந்த வரியை நெடுநேரம் பார்த்தாள். பனி விழும் ஓர் ஊரில், விளக்கின் கீழ், யாரோ அவளுடைய வரிகளை வாசித்துவிட்டுப் பையை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். ஆணா பெண்ணா தெரியாது. ஏன் வருகிறார்கள் என்பதும் தெரியாது. சோறு சமைக்கும்போதும், துணி மடிக்கும்போதும் அந்த ஆள் கூடவே இருந்தார்.

அறை எடுத்திருந்த நாள் வந்து போனது. மறுநாள் காலையில் நஜீமே வானை எடுத்தான்.

"பாக்காம உனக்கு இருக்க ஏலாது," என்றான். "வா."

காலிதீனின் வீட்டுக்கு முன்னால், அரிப்பைத் தடுக்கப் போட்ட கருங்கற்களின் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நரை முடி, சாம்பல் நிறச் சட்டை, ஐம்பது தாண்டிய வயது. இவர்களைக் கண்டதும் எழுந்து வந்து போனை நீட்டினாள். திரையில் 'கரைவழி' இருந்தது. அவளுடைய ஆங்கிலம் மெதுவாக வந்தது.

"தோப்பு இருந்தது என்று இதில் எழுதியிருக்கிறது. எந்த இடத்தில் என்று உங்களுக்குத் தெரியுமா?"

ஆகிலா கடலைக் காட்டினாள். "அந்த வேர் தெரியுதே, அதிலிருந்து உள்ளே. இப்போது தோணி நிற்கிற தூரம் வரை." அவளும் ஆங்கிலத்தில்தான் சொன்னாள். பிறகு ஒரு கணம் நின்று, "எழுதியது நான்தான்," என்றாள்.

அந்தப் பெண் போனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஆகிலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. தன் பெயர் ஹெலேனா என்றாள். போன வருடம் கணவர் இறந்ததிலிருந்து தூக்கம் இல்லை என்றாள். எல்லாத் தளங்களும் நிம்மதியான உறக்கம் தருவோம் என்று எழுதியிருந்தன. தெரியாது என்று எழுதியது இது ஒன்றுதான் என்றாள்.

"தூங்கினீர்களா?" என்று ஆகிலா கேட்டாள்.

"இல்லை." ஹெலேனா சிரித்தாள். "ஆனால் கடலும் விழித்திருந்தது. நான் தனியாக இல்லை."

நஜீமுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். ஆனாலும் ஏதோ விளங்கியிருந்தது.

"சாப்பாட்டுக்கு வீட்ட வரச் சொல்லு," என்றான். "தனிய என்னத்துக்கு இதுல இருக்கிற? பின்னேரம் கொண்டாந்து விடுவம்."

தேங்காய்ப்பால் விட்டுப் பாரைமீன் ஆணமும் சோறும் ஆக்கினாள் ஆகிலா. ஹெலேனா கையால் உண்ணப் பழகினாள். உறைப்பில் கண் கலங்கியபோதும் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினாள். சாப்பிட்ட பின் நடு அறைப் பாயில் சுவரோடு சாய்ந்திருந்தாள். ஆகிலா பாத்திரங்களைக் கழுவிவிட்டு வந்து பார்க்கும்போது சரிந்து, கையைத் தலைக்கு வைத்து, தூங்கிப் போயிருந்தாள். ஆழ்ந்த தூக்கம். வெளியே மீன்காரரின் ஹோர்ன் கேட்டது. அயல்வீட்டுப் பிள்ளைகள் மதிலடியில் சத்தம் போட்டார்கள். அவள் அசையவில்லை.

பின்னேரத் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொன்னபோது நஜீம் வாசலில் தலை நீட்டினான்.

"எழுப்பவா? கொண்டு போய் விட நேரமாகுது."

"வேணாம்," என்றாள் ஆகிலா, குரலைத் தாழ்த்தி. "கிடக்கட்டும்."

அவன் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்கு நடந்தான். ஆகிலா ஜன்னல் திரையை இழுத்து வெயிலை மறைத்துவிட்டு, பாயின் ஓரத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்தாள்.