ஒலி கேட்டதும் கையை எடுக்கவும்

குரங்கு நெம்புகோலைப் பிடித்தபடி காத்திருந்தது. ஒலி கேட்டதும் கையை எடுத்தால் வாயருகே பழச்சாறு சொட்டும். ஊசிக்கு முன்பு சட்டென்று விலகிய கை, அபின் வகை வலிமருந்து ஏறியதும் மந்தமாகிவிட்டது. தூங்கவில்லை, கண் திறந்தேதான் இருந்தது. ஆனால் மெல்லிய ஒலிகளைக் கண்டுகொள்ளவே இல்லை. உரத்த ஒலிக்கும் யாரோ எழுப்பிவிட்டதுபோலத் தாமதமாகத்தான் கை விலகியது.

ஆராய்ச்சிக்கூடக் கண்ணாடிக்கு இப்பால் நின்று அதைப் பார்க்கும்போதெல்லாம், சோதனையை நடத்தும் அவளுக்கு அண்ணன் ஞாபகம். கிடங்கில் பெட்டி அடுக்கியவன். முதுகுவலி என்று போனவனுக்குக் கம்பெனி டாக்டர் இதே மருந்தை மாத்திரையாகக் கொடுத்து அன்றைக்கே வேலைக்கு அனுப்பினார். பின்னால் வந்த லாரியின் ஹாரன் எல்லோருக்கும் கேட்டது; அவன் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. விசாரணையில் டாக்டர் அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்: "மாத்திரைக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்? பராக்கு பார்த்துட்டு நின்னிருப்பாரு." 'பராக்கு' என்ற அந்த ஒரு சொல்லை மென்று மென்றே அம்மா போய்ச் சேர்ந்தாள். மகள் மட்டும் அதை விழுங்காமல் வைத்திருந்தாள்.

இன்று அதே டாக்டர், கூடத்தைப் பார்வையிடும் குழுவோடு வந்திருந்தார். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. குரங்கைப் பார்த்துச் சிரித்தார்.

"எனக்கும் கழுத்து வலி. காலையிலகூட இதே மாத்திரையப் போட்டுட்டு நானே கார் ஓட்டிட்டு வந்தேன். கிண்ணுன்னு இருக்கேன்!"

"அப்போ நீங்களே உட்கார்ந்து பாருங்களேன் சார்" என்றாள்.

குழுவினர் கைதட்ட, மனிதர்களைச் சோதிக்கும் அறைக்குள் போய் அமர்ந்தார். காதுக்கவசத்தை மாட்டி, பொத்தானில் அவர் விரலை அவளே பதித்தாள். ஏமாற்றவேண்டும் என்றால் ஏமாற்றியிருக்கலாம். அதில் என்ன ருசி? குரங்குக்குப் போட்ட அதே ஒலிகளை, அதே வரிசையில் போட்டாள்.

பாதியில் அவர் அறையின் கண்ணாடிச் சுவரைத் தட்டினார். "என்னம்மா, நிறுத்திட்டீங்களா?"

கைதட்டியவர்கள் வெளியே இருந்த திரையைப் பார்த்தார்கள், பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வெளியே வந்தவரிடம் திரையைக் காட்டினாள். "நிறுத்தவே இல்ல சார். வந்துட்டேதான் இருந்துச்சு. நீங்க பராக்கு பார்த்துட்டு இருந்திருப்பீங்க."

டாக்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. "நீங்க... யாரு?"

"கிடங்குல செத்தவரோட தங்கச்சி."

அவர் வாயைத் திறந்தார். மன்னிப்புக் கேட்டுவிடுவாரோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது, கேட்டிருந்தால் அந்த ருசி பாழாய்ப்போயிருக்கும். நல்லவேளை, கேட்கவில்லை.

"கார்லதானே போறீங்க?" என்றாள், மிகுந்த மரியாதையோடு. "பார்த்துப் போங்க சார்."

மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள். டாக்டர் காரில் ஏறி உட்கார்ந்தார். வெகுநேரம் வண்டி கிளம்பவில்லை. பிறகு கதவைத் திறந்து இறங்கி, சாலையோரச் சுவரில் தோள் உரச நடக்கத் தொடங்கினார். வெறிச்சோடிய சாலை. ஆனாலும் நாலடி நடப்பதும், நின்று திரும்பிப் பின்னால் பார்ப்பதுமாகப் போய்க்கொண்டிருந்தார். அவள் நாற்காலியை ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.