பீமராவின் ‘ஆமாம்’ எங்கே தங்கும்?

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதை எழுத வேண்டும் என்ற ஆசையில் பிறந்த கதை அல்ல. ஒரு பொத்தானை அழுத்தாமல் தள்ளிப்போட எனக்கு ஏதாவது வேலை தேவைப்பட்டது, அதனால் பிறந்தது.

கணினியில் இரண்டு பக்கங்கள் திறந்திருக்கின்றன. இரண்டும் பாட்காஸ்ட் ஒலிக்கோப்புகளை வாங்கி வைத்துக்கொள்ளும் தளங்கள். இரண்டிலும் ‘வெளியிடு’ என்று ஒரு பொத்தான் காத்திருக்கிறது. ஒன்றை அழுத்த வேண்டும். நான் மூன்றாவதாக ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். என் மனைவி மகாலட்சுமி எட்டிப் பார்த்து, முடிந்ததா என்று கேட்டாள். முக்கியமான கட்டத்தில் இருக்கிறேன் என்றேன். அது பொய்யில்லை.

[இந்தக் கதையில் பொய்யில்லாத வாக்கியங்கள் வரும்போது முடிந்தவரை குறிப்பிட்டுவிடுகிறேன். அடிக்கடி தொந்தரவு இருக்காது.]

2

நான் எழுதி எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

‘கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிட்ட அன்று, விடியற்காலையில்...’

(வேண்டாம். திருச்சிக்காரன் கதை எழுதினால் முதல் வரியிலேயே மதகைத் திறந்தாக வேண்டும் என்று எந்த அரசாணையும் இல்லை.)

‘ஸ்ரீரங்கத்தில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாவது மாடியில், மனைவியின் பட்டுப்புடவை பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒரு கிழவன்...’

(இது நடந்தது. அதனாலேயே நம்பும்படியாக இல்லை.)

‘பாட்காஸ்ட் என்பது யாதெனில்...’

(இந்த இடத்தில் எனக்கே கொட்டாவி வந்தது.)

ஆனாலும் தெரியாதவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். வானொலி மாதிரி பேசிப் பதிவு செய்து, யாரும் எப்போதும் போனில் கேட்கும்படி விடுவதுதான் பாட்காஸ்ட். மைக் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். சிங்காரத்தோப்பில் போன் சாமான்கள் விற்கும் ஜெகபர் சாதிக் பாய், மைக்கைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் விஷயத்தைச் சொன்னார். பதிவு செய்தது நம் கணினியில்தான் கிடக்கும். அதை வாங்கி வைத்து, கேட்கிறவர்களின் போனுக்கெல்லாம் அனுப்ப ஹோஸ்டிங் தளம் என்று ஒன்று வேண்டும்.

எனக்குச் சட்டென்று புரிந்தது. கிட்டங்கி, அதாவது சரக்குக் கிடங்கு. சரக்கு நம்முடையது, கிட்டங்கி இன்னொருவருடையது. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் மைக்கே வாங்கியிருக்க மாட்டேன். உத்தியோகத்தில் பாதியைக் கிட்டங்கிக்காரர்களோடு சண்டை போட்டே கழித்தவன் நான்.

3

உத்தியோகம் திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில். நான் கொள்முதல் பிரிவு. பீமராவ் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. அதாவது, நான் வாங்குவேன். அவர் வேண்டாம் என்பார். கம்பெனி பஸ்ஸில் நான் ஸ்ரீரங்கத்தில் ஏறுவேன், அவர் திருவானைக்காவலில். பக்கத்துப் பக்கத்து சீட்டு. அந்த பஸ்ஸில்தான் நான் கதை சொல்ல ஆரம்பித்தேன். மற்றவர்கள் அதைப் புளுகு என்பார்கள்.

என் சரக்கிலேயே உயர்ந்தது முதலைக் கதை. ஒரு வெள்ளத்தின்போது கொள்ளிடத்து முதலை ஒன்று கரையேறி, திருவானைக்காவல் நிறுத்தத்தில் வரிசையில் நின்று, எங்கள் பஸ்ஸில் ஏறியது. யாரையும் தொந்தரவு செய்யவில்லை. தொழிற்சாலை கேட்டில் பாஸ் கேட்டார்கள். இல்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தக் காலத்தில் கேட்டில் அவ்வளவு கண்டிப்பு.

இதை நான் மட்டும் சொன்னால் பஸ் சிரித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்கும். ஆனால் நான் முடித்ததும் எல்லாத் தலைகளும் ராவ் பக்கம் திரும்பும். அரை நூல் பிசகினாலும் ஒரு லாரி இரும்பைத் திருப்பி அனுப்புகிற மனிதர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். “ஆமாம்” என்பார். அதோடு விடமாட்டார். சுவாரசியமே இல்லாத ஒரு சின்ன விவரத்தைச் சேர்ப்பார்.

“சாயங்காலம் வரைக்கும் சீட்டு ஈரமாத்தான் இருந்துச்சு.”

அவ்வளவுதான். முதலை உண்மையாகிவிடும்.

அந்த ராவ் ஆவணி பிறந்ததும் மகள் சுபஸ்ரீயோடு இருக்கப் புனேவுக்குப் போகிறார். திருவானைக்காவல் வீட்டை விற்றாகிவிட்டது. திரும்பி வருகிற உத்தேசம் இல்லை. அதைக் கேட்ட மறுநாள்தான் எனக்குப் பாட்காஸ்ட் யோசனை வந்தது. நான் சொல்வேன், அவர் ஆமாம் சொல்வார், இரண்டும் சேர்ந்து ஓரிடத்தில் இருக்கும். அவர் அப்படியே புனேவுக்குப் போய்விட்டால் என் கையில் மிஞ்சுவது வெறும் பொய்கள்தான்.

[மேலே உள்ளது பொய்யில்லாத வாக்கியம்.]

4

இனி எப்படிக் கிட்டங்கி தேர்ந்தெடுத்தோம் என்பது. இதைச் சுருக்கமாகச் சொல்லலாம் என்று பார்த்தேன், ஆனால் சுருக்கமாக நடக்கவில்லை.

மூன்று கொட்டேஷன் இல்லாமல் ஒரு துடைப்பம்கூட வாங்கக்கூடாது என்ற விதியில் வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகவே மூன்று தளங்களுக்குக் கடிதம் எழுதினேன். மூடி முத்திரையிட்ட உறையில் விலைப்புள்ளி அனுப்பும்படியும், பிணைத்தொகை கட்டும்படியும் கேட்டிருந்தேன். மூன்றிடத்திலிருந்தும் இயந்திரங்கள் பதில் போட்டன. ஓர் இயந்திரம் என்னை ‘ஹாய் நவநீதன்’ என்று கூப்பிட்டது. என் சம்பந்திகூட அவ்வளவு உரிமை எடுத்துக்கொண்டதில்லை.

முதல் தளத்துக்குக் கட்டணம் உண்டு. ஒருமுறை கட்டிவிட்டால் நாம் ஏற்றியது அழியாது. நம் காலத்துக்குப் பிறகும் இருக்கும். இரண்டாவது இலவசம். ஆனால் ஏற்றிய எதுவும் மூன்று மாதத்தில் தானாக அழிந்துவிடும். மூன்றாவது இலவசம், அழியாது, ஆனால் பேச்சுக்கு நடுவே அவர்கள் இஷ்டத்துக்கு விளம்பரம் போடுவார்கள். முதலை பஸ் படியில் காலை வைக்கிற நேரத்தில் யாரோ வந்து தலைமுடி எண்ணெய் விற்பார்கள். மூன்றாவதை இருவரும் ஒருமனதாகத் தள்ளினோம். கொள்முதலும் இன்ஸ்பெக்‌ஷனும் ஒருமனதாக இருந்தது என் நினைவில் அது ஒன்றுதான்.

குறைந்த விலைக்காரரோடு பேரம் பேச வேண்டும் என்பதும் விதி. இரண்டாவதின் விலை பூஜ்யம். விதியை விட முடியுமா? பூஜ்யத்தில் பத்து சதவீதம் தள்ளுபடி கேட்டேன். இயந்திரம் உடனே ஒப்புக்கொண்டது. என் அனுபவத்தில் அவ்வளவு சுலபமாக இறங்கி வந்த வியாபாரி இல்லை.

மகாலட்சுமிக்கு முதல் தளத்தின் கட்டணம் தெரியவந்தது. “நீங்க விடற கப்சாவுக்கு வாடகை வேறயா?” என்றாள்.

ஆனாலும் நான் முதல் தளத்தில் உறுதியாக இருந்தேன். அழியாது என்ற சொல் என்னை மயக்கிவிட்டது. ராவ் அந்தத் தளத்தின் நிபந்தனைகளை அச்செடுத்துக் கொடுக்கச் சொன்னார். எல்லோரும் படிக்காமல் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்துகிற அந்த நிபந்தனைகளை, உலகத்திலேயே முதன்முறையாக ஒருவர் சிவப்புப் பென்சிலோடு கடைசி வரை படித்தார். [முதன்முறை என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் சந்தேகப்படுகிறவர்கள் மறுத்துக் காட்டலாம்.]

5

பதிவு செய்த நாள்.

மைக்குக்குச் சுற்றிலும் தடிமனான துணி இருந்தால் எதிரொலி வராது என்று பாய் சொல்லியிருந்தார். வீட்டில் தடிமனான துணி என்றால் மகாலட்சுமியின் பட்டுப்புடவைகள்தான். பீரோவைத் திறந்து, மைக்கை உள்ளே தட்டில் வைத்து, நானும் ராவும் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்து தலையை மட்டும் உள்ளே நீட்டினோம். குக்கர் வைக்கக்கூடாது என்று வீட்டில் தடை உத்தரவு. அந்துருண்டை வாசனையில் கண் கரித்தது.

முதலைக் கதையைச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். முதலையும் முன்பைவிட ஒரு முழம் நீண்டிருந்தது. முடித்துவிட்டு ராவைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார். பேசவில்லை.

பதிவை நிறுத்தாமலே கேட்டேன், ஏன் ஆமாம் சொல்லவில்லை என்று.

“இது எங்க போவுது?”

“முதல் தளத்துக்கு.”

“அழியவே அழியாதுன்னு போட்டிருக்கானே, அவனா?”

“அவன்தான். நாம போன பின்னாடியும் இருக்கும் ராவ்.”

“அப்ப இது பேச்சு இல்லைங்க நவநீதன். கையெழுத்து.”

புடவைகளுக்கு நடுவே எனக்கு வேர்த்தது. இத்தனை வருஷமாக ஆமாம் என்று சொன்னவர்தானே என்று கேட்டேன்.

“வாய் சொல்லுச்சு. பஸ்ஸு திருவெறும்பூர் போறதுக்குள்ள அது கரைஞ்சு போயிரும். என் வாய் ஆயிரம் சொல்லியிருக்கு. நான் பார்க்காத சரக்குக்கு என் கையெழுத்து இது வரைக்கும் விழுந்ததில்லை. முதலைய நான் பார்க்கலை.”

“நானும்தான் பார்க்கலை.”

“நீங்க பர்ச்சேஸ்.”

அறைக்கு வெளியிலிருந்து மகாலட்சுமியின் குரல் வந்தது. “ரெண்டு பேரும் பீரோவுக்குள்ளேருந்து வெளிய வந்து சண்டை போடுங்க. பருப்பு வேக வைக்கணும்.”

இப்படியாக முதல் ஒலிக்கோப்பு முடிந்தது. என் கதை இருக்கிறது. கதைக்குப் பின்னால் ஆமாம் வர வேண்டிய இடத்தில் ஒரு மௌனம் இருக்கிறது. கூர்ந்து கேட்டால் கண்ணாடி துடைக்கிற சத்தம் கேட்கும். அதற்குப் பின்னால் வந்த தகராறை வெட்டிவிட்டேன்.

போகும்போது ராவ் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்: “மூணு மாசத்துல அழிச்சிடறான் பாருங்க, அவன்கிட்டன்னா எத்தனை ஆமாம் வேணும்னாலும் சொல்றேன்.”

மறுநாள் திரும்பவும் பீரோவுக்குள் தலையை விட்டோம். அதே கதை. முடிந்ததும் ராவ், பஸ்ஸில் சொல்வதுபோலவே, அவசரமில்லாமல் சொன்னார்:

“ஆமாம். அன்னிக்கு நான் நின்னுக்கிட்டேதான் போனேன்.”

இத்தனை வருஷத்தில் அவர் இதைச் சொன்னதே இல்லை. முதலைக்கு யார் சீட்டில் இடம் கொடுத்தது என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அதுவும் இல்லாத முதலைக்கு.

6

(கதாபாத்திரத்தைப் பற்றி ஒரு சந்தேகம்.)

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்ததில், ராவ் மறுக்கிற காரணம் போதாது என்று தோன்றியது. வாசகர்கள் இரக்கப்பட்டாக வேண்டும் அல்லவா? தொண்டையில் ஒரு கட்டி வைத்தேன். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தேன். நன்றாக வந்தது. எனக்கே கண் கலங்கியது. அச்செடுத்து ராவிடம் காட்டினேன்.

சிவப்புப் பென்சிலால் கட்டியை அடித்தார். “எனக்குத் தொண்டை நல்லாத்தான் இருக்கு. இல்லாத நோவை எழுதி வெக்காதீங்க” என்றார். கம்பெனி பஸ்ஸின் நிறத்தைத் திருத்தினார். [அந்த வாக்கியத்தையே எடுத்துவிட்டேன்.] மூன்றாம் பகுதியில் ‘சாயங்காலம் வரைக்கும்’ என்ற இடத்தில், மத்தியானத்துக்குள் காய்ந்துவிட்டது என்று ஓரத்தில் எழுதினார். ஏறாத முதலையின் ஈரம் எப்போது காய்ந்தது என்பதில் அவருக்கு அவ்வளவு கறார்.

ஆமாம் என்று அவர் சொன்னதாக இதில் எழுதியிருக்கிறேனே, இதுவும் அழியாதே, பரவாயில்லையா என்று கேட்டேன்.

“கதைன்னு போட்டிருக்கீங்கள்ல? கதையில வர்ற ராவ் என்ன வேணும்னாலும் சொல்லிட்டுப் போகட்டும். குரல் என்னுதா இருக்கக்கூடாது.”

கட்டியை எடுத்துவிட்டேன். இரக்கப்பட விரும்புகிறவர்கள் என்மேல் படலாம்.

7

ஆகவே நிலவரம் இது. முதல் தளத்தில் கதை என்றென்றும் இருக்கும், ராவ் இருக்க மாட்டார். இரண்டாவதில் ராவ் இருப்பார், மூன்று மாதம்.

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: நான் முதல் தளத்தை அழுத்துகிறேன். என் பேரன் பேத்திகளின் பேரன் பேத்திகள் அதைக் கேட்கிறார்கள். கதை முடிந்ததும் வருகிற மௌனத்தில், யாரோ ஒருவர் என்னை நம்பவில்லை என்று தெளிவாகப் புரிந்துகொள்கிறார்கள்.

முடிவு ஆ: நான் இரண்டாவதை அழுத்துகிறேன். கார்த்திகை வருவதற்குள் எல்லாம் துடைத்துப் போகிறது. ராவ் புனேவில். நான் இங்கே, மைக்கோடு. மைக்கைப் பாய் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

முடிவு இ: இதை எழுதலாமா என்று யோசித்தேன். ஆனால் உங்களில் கெட்டிக்காரர்கள் ஐந்தாம் பகுதியிலேயே கண்டுபிடித்திருப்பீர்கள். ஆமாம் சொன்ன இரண்டாவது கோப்பை எடுத்து, சத்தம் போடாமல், அழியாத முதல் தளத்தில் ஏற்றிவிட்டால்? ஒரு நிமிஷ வேலை. ராவ் புனேவுக்குப் போய் முதலைக் கதையைத் தேடிக் கேட்கப் போவதில்லை. என்னிடம் கேட்டாலும், அழிந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். பொய் சொல்வது எனக்குப் புதிதா?

புதிதில்லைதான். ஆனால் பொய் என்பது என் சரக்கு. அவருடைய ‘ஆமாம்’ என் சரக்கு இல்லை. அதை அவர் ஒரு கிட்டங்கிக்குத்தான் கொடுத்தார், மூன்று மாதத்துக்குத்தான் கொடுத்தார். அதைத் தூக்கி இன்னொரு கிட்டங்கியில் போட்டால் அதற்குக் கொள்முதல் பிரிவில் ஒரு பெயர் உண்டு. நான் அந்தப் பெயரை மற்றவர்களுக்கு வைத்து, அவர்களுக்கு மெமோ கொடுத்திருக்கிறேன்.

இப்படியெல்லாம் எழுதிவிட்டு, கை அந்த மூன்றாவது முடிவின் பக்கமே போகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோப்பை முதல் தளத்துக்கு இழுத்துக்கூட விட்டேன். ‘ஏற்றப்பட்டது’ என்று வந்தது. இன்னும் வெளியிடவில்லை. அதை அங்கிருந்து எடுக்கவும் இல்லை.

8

மகாலட்சுமி மறுபடி எட்டிப் பார்த்தாள். இதுவரை படிக்கச் சொன்னேன். நின்றுகொண்டே படித்தாள். என் கை எந்தப் பக்கம் போகிறது என்ற இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்து, “அவரு நாளன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு வராரு. முகத்தைப் பார்த்துச் சாப்பாடு போடணும் நான்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

முடிவை நான் எழுதப்போவதில்லை. எழுதினாலும் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. என்னைப் பற்றி இவ்வளவு தெரிந்த பிறகு நம்பினால் அது உங்கள் தவறு. நீங்களே பரிசோதித்துக்கொள்ளுங்கள். போனை எடுத்து, கொள்ளிடத்து முதலை கம்பெனி பஸ்ஸில் ஏறின கதையைத் தேடுங்கள்.

கிடைத்து, கதைக்குப் பின்னால் மௌனம் வந்தால், நான் பேராசைக்காரன். கிடைத்து, ஆமாம் என்று ஒரு நிதானமான குரல் கேட்டால், முதலில் தேதியைப் பாருங்கள். மூன்று மாதம் தாண்டியிருந்தால் நான் திருடன். தயவுசெய்து புனேவுக்குச் சொல்லிவிடுங்கள்.

எங்கே தேடியும் கிடைக்கவில்லை என்றால், கிழவன் முழுக்கவும் கதை விட்டிருக்கிறான் என்று போனை வைத்துவிடாதீர்கள். ராவ் ஆமாம் சொன்னார். கேட்க வேண்டியவர்கள் கேட்டார்கள். அது கரைந்துவிட்டது.