பொது அரிசி

தாலி கைமாறிய அன்று சமுதாயக் கூடத்துக்குள் இருந்தவர்கள் இவர்கள்தான்: நகை செய்யும் சிவசங்கரன் பத்தராகிய நான், என் மகன் அருள்முருகன், மருமகள் முத்துமாரி, எதிர்வீட்டு வளன், அவர் மனைவி அருளம்மாள், மகள் பெல்சி, தன் வீட்டின் பின்கட்டு மழையில் சரிந்ததால் எங்களோடு வந்து தங்கிய தேனம்மை ஆச்சி. தெருக்காரர்களில் மற்றவர்கள் எல்லாம் வெளியே நிவாரணப் பாய்க்கு வரிசையில் நின்றார்கள். அவர்கள் எதையும் பார்க்கவில்லை.

கண்மாய்க் கரை உடைந்து எங்கள் தெருவுக்குள் தண்ணீர் புகுந்தபோது, கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு காரைக்குடிச் சாலையில் இருக்கும் இந்தக் கூடத்துக்கு ஏறினோம். முதல் நாளே ஆச்சி ஓர் ஏற்பாடு செய்தார்.

“ஆளுக்கொரு அடுப்பு மூட்ட இது கோயில் பொங்கலா? கொண்டாந்த அரிசிய எல்லாம் அந்த டிரம்முல கொட்டுங்க. ஒரே உலை.”

கொட்டினார்கள். அரிசி புடைக்கும் வேலையை அருளம்மாள் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பெல்சியின் கல்யாணத்துக்குத் தாலி செய்து முடித்திருந்தேன். அவர்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள்; புறா வைத்த தாலி. யாருடைய தாலியானாலும் எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. வேலை முடிந்ததும் அதைப் பட்டறையில் வைக்க மாட்டோம். பித்தளைச் செம்பில் பச்சரிசி நிரப்பி, உள்ளே புதைத்து, சாமி அறையில் வைப்போம். உரியவர் தட்டோடு வந்து கேட்கும்போது குடும்பத்தில் மூத்தவன் தன் கையால் எடுத்துக் கொடுப்பான். அதுவரை அது வெறும் பொன். அதற்குப் பிறகுதான் தாலி. இந்த முறை பிசகியதாக எங்கள் வீட்டைப் பற்றி யாரும் சொன்னதில்லை.

கூடத்துக்கு வந்த மறுநாள் முத்துமாரியிடம் கேட்டேன்.

“சாமி ரூம்புல இருந்த செம்ப எடுத்தியாத்தா?”

“எடுத்துட்டேன் மாமா.”

எனக்கு மூச்சு வந்தது.

“அரிசிய டிரம்முல கொட்டிட்டுச் செம்பக் கழுவி வச்சிருக்கேன்” என்றாள்.

நான் தாலியைப் புதைத்த அன்று அவள் கண்டரமாணிக்கத்தில் தன் தாய் வீட்டில் இருந்தாள். எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாத பெண். அவளிடம் என்ன சொல்ல? யாரிடமும் சொல்லவில்லை. டிரம்முக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். ஒவ்வொரு வேளையும் முறத்தில் விழும் அரிசியைப் பார்த்தேன். ஒன்றும் விழவில்லை.

வளன் ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்தார். “ஐயா, நம்ம தாலி…”

“பத்திரமா இருக்கு” என்றேன். ஒரு பத்தர் தன்னிடம் வந்த பொன்னைப் பற்றி வேறு எப்படிச் சொல்வான்?

அப்போது அருளம்மாள் முறத்தை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதிலிருந்துதான் எனக்குச் சந்தேகம் பிடித்தது. வெள்ளத்துக்கு முன்னால் தினமும் பட்டறை வாசலுக்கு வந்து “ஆச்சா, ஆச்சா” என்று நச்சரித்தவள், இங்கே வந்தபிறகு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கல்யாணப் பெண்ணின் தாய்க்கு அந்த நிம்மதி எங்கிருந்து வந்தது? குனியும்போதெல்லாம் ஒரு கை இடுப்பு மடிக்குப் போனது. கிடைத்ததை முடிந்துகொண்டு, என்னிடம் இன்னொரு தாலியும் வாங்கப் பார்க்கிறாள் என்று முடிவு செய்தேன்.

தண்ணீர் வடிந்தது. வளன் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து நின்றார்.

“கோயில்ல சாமியாரு கல்யாண ஓலை வாசிச்சு அறிவிச்சுட்டாரு ஐயா. தாலியத் தாங்க.”

நான் எழுந்தேன். “எங்கிட்ட இல்ல வளன். அரிசிக்குள்ள இருந்துச்சு. அரிசியப் புடைச்சவளக் கேளு.”

அருளம்மாள் சிரித்தாள். “வாயத் தொறந்துட்டீகளா பத்தரண்ணே! இத்தன நாளும் டிரம்முக்குக் காவல் இருந்தீக, எலி பிடிக்கத்தான் உக்காந்திருக்கீகன்னு நெனச்சேன்.”

“எடுத்தியா, இல்லையா?”

“எடுத்தேன். மொத நா புடைக்கையிலயே மொறத்துல விழுந்துச்சு. எம் மக தாலிய நான் எடுத்தா அதுக்குப் பேரு களவா?”

“எடுத்தவ சொல்லணும்.”

“தொலைச்சவுக சொல்ல வேணாமா? எம் மடியில கெடக்குறத உங்ககிட்டப் பத்திரமா இருக்குன்னீக. நான் என்னத்த நெனைக்க? வெள்ளத்தச் சாக்கு வச்சு முழுங்கப் போறீகன்னுதான் நெனச்சேன். இந்த மனுசன்கிட்டகூடச் சொல்லல, இவரு வாயி நிக்காது.”

வளன் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அருள்முருகன், “யாரப் பார்த்துச் சொல்றீக?” என்று பாய்ந்தான். கையைக் காட்டி உட்கார வைத்தேன். முத்துமாரி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அருளம்மாள் மடியை அவிழ்த்துத் தாலியைத் தட்டில் வைக்கப் போனாள்.

“வைக்காத” என்றேன். “எங் கையால குடுக்காதது எங்க வீட்டுத் தாலி இல்ல. எங்கிட்டக் குடு.”

“மறுபடியும் உங்க கைக்கா?”

அவள் கை அந்தரத்தில் நின்றது. அவள் என்னிடம் கொடுக்காமல் தானே தட்டில் வைத்திருந்தால் ஊர்ப் பேச்சில் நான் திருடன்தான்; ஊரில் எவனும் எங்கள் பட்டறைப் படி ஏறியிருக்க மாட்டான்.

ஆச்சி நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் வாசலை அடைத்து உட்கார்ந்தார். “குடு அருளு. பத்தரு ஓடுனா என்னத் தாண்டித்தான ஓடணும்? தாண்டுற ஒடம்பா இது?”

“குடும்மா” என்றாள் பெல்சி.

அருளம்மாள் என் உள்ளங்கையில் வைத்தாள். வைத்தும் இரண்டு விரலை எடுக்கவில்லை. “விடு தாயி” என்றேன். விட்டாள். புறாவின் சிறகில் தவிடு ஒட்டியிருந்தது. துண்டால் துடைத்தேன். கோணல் இல்லை, கீறல் இல்லை. கிழக்கே பார்த்து நின்று வளன் தட்டில் வைத்தேன். என் கை தட்டை விட்டு வருகிறவரை அவள் கண் அதைவிட்டு நகரவில்லை.

அன்று மதியமும் ஒரே உலைச் சோறுதான். அருளம்மாள் பரிமாறினாள், நான் சாப்பிட்டேன். அவளை நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். அவளும் என்னை நம்பியிருக்க மாட்டாள்.

செய்த தாலி வெள்ளத்தோடு போய்விட்டது, பத்தர் பயந்துபோய்ப் புதிதாக ஒன்று அடித்துக் கொடுத்தார் என்று ஒக்கூர் வரைக்கும் பேசுகிறார்களாம். இல்லை. நான் ஒரு தாலிதான் செய்தேன். பெல்சியின் கழுத்தில் இருப்பது அதுதான்.