குட்டையைத் தாண்டும் மட்டை

பழைய கோழிகளை ஏற்றி அனுப்பியாகிவிட்டது, புதுக் குஞ்சுகள் இன்னும் வந்து இறங்கவில்லை. காலியாகக் கிடந்த மூன்றாம் கொட்டகைக்குள் நாச்சிமுத்து ஒரு பழைய மிதியடியின் மேல் வெள்ளைப் பந்தை வைத்தார். எதிரே கொசுவலையை மடித்துக் கட்டிய திரை. கையில், சம்பந்தி தனபால் இரண்டு வருடத்துக்கு முன்னால் கொடுத்த இரும்பு கோல்ஃப் மட்டை. ஓங்கி அடித்தார். இடது கை வந்துவிட்டது. வலது கை, பந்தி முடிந்த பிறகு வந்து சேரும் சொந்தக்காரனைப் போலக் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. பந்து எழும்பாமல் தரையோடு உருண்டு தண்ணீர்க் குழாயில் முட்டி நின்றது.

இந்த டொக்கு டொக்கு சத்தம் மோகனூர் சாலையில் பலருக்கும் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. சத்தத்தால் அல்ல, காரணம் தெரியாததால். பக்கத்துத் தோட்டத்துப் பெரியநாயகி வேலியோரம் கீரை பறிக்கும் சாக்கில் வந்து, "கோழியில்லாத கொட்டாயில உங்கூட்டுக்காரரு என்னத்தப் புள்ள தட்டறாரு?" என்று சென்னியம்மாளிடம் கேட்டுவிட்டாள். "ஒடம்பு எளைக்க டாக்டர் சொன்னாராமா" என்று சென்னியம்மாள் சமாளித்தாள். டாக்டர் சொன்னது வேறு. அது அவளுக்கும் தெரியாது.

போன ஐப்பசியில் ஒரு காலை, டம்ளரை எடுக்கப் போன வலது கை பாதியில் மறந்து நின்றது. சேலத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், மூளையில் சின்ன அடைப்பு, மாத்திரையை விடக் கூடாது, வண்டியை மட்டும் தொடவே கூடாது என்றார். வீட்டுக்கு வந்து கழுத்தெலும்புத் தேய்மானம் என்று சொன்னார் நாச்சிமுத்து. மாத்திரைகள் தீவன அறையில், கோழி வைட்டமின் டப்பாவுக்குள் இருந்தன. அங்கே யாரும் கை வைக்க மாட்டார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, கார் கேட்டில் உரசும் வரை. மகன் மோகன்குமார் கோடு விழுந்த கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "இனிமே சாவி எங்கிட்டயே இருக்கட்டுமுங்ப்பா" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். நாலு தோட்டம் தள்ளி இருக்கும் குழந்தைவேலின் கதை நாச்சிமுத்துவுக்குத் தெரியும். பிள்ளைகள் சாவியை வாங்கிய மறுமாதத்திலிருந்து, இன்றைக்கு முட்டை விலை என்ன என்று ஒருவரும் அவரைக் கேட்பதில்லை. இப்போது கோயில் நோன்புக்கு மட்டும்தான் அவரைக் கூப்பிடுகிறார்கள். அதுவும் பின் சீட்டில், பூக்கூடைக்கும் தேங்காய் மூட்டைக்கும் நடுவில்.

அப்பனும் மகனும் பேசாமல் மூன்று வேளை சாப்பிட்ட பிறகு, கோயம்புத்தூரிலிருந்து சம்பந்தி தனபால் போனில் பஞ்சாயத்து செய்தார். "மாப்ள, ஞாயித்துக்கெழம அப்பாவக் கிரவுண்டுக்குக் கூட்டிட்டு வாங்க. குட்டயத் தாண்டி ஒரு பந்து போட்டுட்டார்னா சாவியத் திருப்பிக் குடுத்துருங்க. இல்லாட்டி சம்பந்தி பேசாம ஒக்காந்துக்கட்டும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மகனும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டான். சிரிக்காதவர் ஒருவர்தான்.

கொட்டகையில் மூன்று நாள் தட்டியும் பந்து எழும்பாததால், நாலாம் நாள், மக்காச்சோளம் பார்க்க ஈரோடு போகிறேன் என்று சொல்லிவிட்டு, கார் சாவிக்காகச் சண்டை போடும் மனிதர் பஸ் ஏறிக் கோயம்புத்தூர் கோல்ஃப் கடைக்குப் போனார். கடையில் இனியன் என்ற இளைஞன், அவரை ஒரு திரைக்கு முன்னால் நிறுத்தி அடிக்கச் சொன்னான். ஒவ்வொரு அடிக்கும் திரையில் ஓர் எண் வந்தது. எண்ணைப் பார்த்துவிட்டு அவரைப் பார்க்காமல் பேசினான்.

"சுத்து வேகம் கொஞ்சம் கம்மிங்க சார். இரும்பு மட்டை உங்களுக்கு ஆகாது. ஹைபிரிட் எடுத்துக்கங்க."

கோழியிலும் சோளத்திலும் ஹைபிரிட் பார்த்தவர் என்பதால் நாச்சிமுத்துவுக்கு அந்த வார்த்தையோடு சண்டை இல்லை. அந்த மட்டையின் தலை கொஞ்சம் குண்டாக, எடையெல்லாம் அடியில் இருந்தது. வேகம் இல்லாவிட்டாலும் பந்தைத் தானே தூக்கிவிடுமாம். "நடுவுல படாம ஓரத்துல பட்டாலும் இது மன்னிச்சு உட்டுருமுங்க" என்றான் இனியன். தன்னை மன்னிக்க ஒரு கம்பி வேண்டியிருக்கிறதா என்று நாச்சிமுத்துவுக்குச் சுருக்கென்றது. வீட்டில் அந்தக் குணம் உள்ள ஆளே கிடையாது என்பதும் நினைவுக்கு வந்தது.

முதலில் விறைப்பான தண்டு வைத்ததைத்தான் கேட்டார். அடித்தார். திரையில் இருந்த குளத்தில் பந்து விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. இனியன் இன்னொன்றை நீட்டினான். கோழி இறகு மாதிரி இருந்தது. மெதுவாகத்தான் சுற்றினார், பந்து குளத்தைக் கடந்து புல்லில் போய் உட்கார்ந்தது. ஒரு நிமிடம் அவருக்கு மூச்சே லேசானது.

"தண்டுல என்னமோ எழுத்துப் போட்டிருக்குதே?"

"இங்கிலீசு 'எல்'லுங்க சார். லேடீஸுக்குன்னு வர்றது. வேகம் கம்மியான பெரியவங்களும் வாங்குவாங்க, தப்பில்லீங்க."

தப்பில்லைதான். ஆனால் தனபால் அந்த எழுத்தைப் பார்த்தால் அடித்த அடிக்கு என்ன மரியாதை? கை மந்தமென்று எழுதி ஒட்டிக்கொண்டு போய், கை மந்தமில்லை என்று எப்படிக் காட்டுவது? ஆனாலும் அதையே வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். இருப்புக் கொள்ளவில்லை. சங்ககிரியில் டீ குடிக்க இறங்கி, குடிக்காமலே ஏறினார். நாமக்கல்லில் இறங்கியவர் வீட்டுக்குப் போகாமல் லாரிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் அன்பரசுவின் கடைக்கு நடந்தார்.

அன்பரசு மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஊன்றுகோலுங்களாண்ணா? புடிய இப்பிடித் தலைகீழா மாட்டிக் குடுத்துட்டானுங்களே!"

"வாயக் கொறச்சுட்டு வேலயப் பாரு. இந்த எழுத்துத் தெரியக் கூடாது. அவ்வளவுதான்."

அவ்வளவோடு விட அன்பரசுவுக்கு மனம் வரவில்லை. தெரிந்த மனிதர் ஆயிற்றே என்று, லாரியின் பின்கட்டையில் ஒட்டும் சிவப்பு வெள்ளை மினுங்கு பட்டையை எழுத்தின் மேல் இறுக்கிச் சுற்றிக் கொடுத்தான். "ராத்திரியில பின்னால வர்ற வண்டிக்கும் தெரியுமுங்ண்ணா" என்று உத்தரவாதமும் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காரை மோகன்குமார் ஓட்டினான். மைதானத்தில் தனபால் வெள்ளைத் தொப்பியும் வெள்ளைச் செருப்புமாக, வெள்ளைச் சட்டை போட்ட டிரைவர் சகிதம் காத்திருந்தார். டிரைவர் இல்லாமல் அந்த மனிதர் தெருமுனைக்கும் போக மாட்டார், பகட்டு என்று நாச்சிமுத்து மருமகள் காதுபடவே சொல்லியிருக்கிறார். சென்னியம்மாள் வேப்பமரத்தடியில் முறுக்கு டப்பாவோடு உட்கார்ந்துகொண்டாள். பச்சைப் புல்லுக்கு நடுவில் குட்டை வெயிலில் கிடந்தது.

முதல் பந்து நேராகத் தண்ணீரில். மகன் வேறு பக்கம் பார்த்தான்.

"அது கை பழக்கற பந்து மாப்ள, கணக்குல வராது" என்ற தனபால், மட்டையைப் பார்க்கும் சாக்கில் பக்கத்தில் வந்தார். மினுங்கு பட்டையின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். விரல் சரியாக எழுத்து இருந்த இடத்தில் நின்றது. பிறகு தன் பையிலிருந்து ஒரு மட்டையை உருவிக் காட்டினார். அதே இடத்தில், நேர்த்தியாக, கறுப்பு டேப்.

"ஸ்டிக்கர் எங்கீங்க சம்பந்தி ஒட்டுனீங்க? நம்முளது கொஞ்சம் அடக்கமா இருக்குதுங்க."

நாச்சிமுத்து அந்த டேப்பைப் பார்த்தார். தூரத்தில் கார் கதவைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவரைப் பார்த்தார்.

"நான் ஸ்டீரிங்கத் தொட்டு மூணு வருசமாச்சுங்க" என்றார் தனபால், குரலைத் தாழ்த்தி. "பவுசுன்னு சொல்லிக்கறேன். நாலு பேரு திட்டறீங்க, நல்லதாப் போச்சு. பந்து தாண்டிருச்சுன்னா சாவி கைக்கு வந்துருமுங்க சம்பந்தி. ரோசன பண்ணிட்டு அடிங்க."

யோசிக்க நேரம் இருந்தது. தப்பாக அடிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. அதற்குக் கையே பழகியிருந்தது. மகன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அந்தத் தொடலைத்தான் நாச்சிமுத்துவால் தாங்க முடியவில்லை. மட்டையை உயர்த்தினார். சிவப்பும் வெள்ளையும் வெயிலில் ஒரு சுற்றுச் சுற்றி இறங்கின. வலது கை பிந்தித்தான் வந்தது. பந்து மட்டையின் ஓரத்தில்தான் பட்டது. ஆனாலும் எழும்பியது. கோணலாக, யாரோ கைகொடுத்துத் தூக்கிவிட்ட மாதிரி, குட்டைக்கு மேலே போய் அக்கரைப் புல்லில் விழுந்தது.

"அட!" என்று எழுந்த சென்னியம்மாளின் மடியிலிருந்து முறுக்கு சிதறியது. மோகன்குமார் சின்னப் பையன் மாதிரி ஓடி வந்தான். அவன் முகத்தில் தோற்றவனின் வாட்டமே இல்லை. அப்பாவுக்கு என்னமோ என்று இத்தனை நாள் பயந்துகொண்டு இருந்திருக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது. "நான்தானுங்ப்பா தப்பா நெனச்சுட்டேன்" என்று சாவியை அவர் கையில் வைத்தான். தனபால் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு குட்டையைப் பார்த்தபடி நின்றார்.

சாப்பாடு முடிந்து கிளம்பும்போது மகன் இடது பக்கம் ஏறி, பெல்ட்டையும் மாட்டி, சாய்ந்துகொண்டான். பின் சீட்டில் மட்டையை மடியோடு சாய்த்துப் பிடித்திருந்த சென்னியம்மாள், "எடுங்க, பொழுதோட ஊடு போய்ச் சேரோணும். பெருந்துறைக்கு அக்கட்டால ஒரே லாரியாக் கெடக்கும்" என்றாள்.

"இதோ சாமி" என்றார் நாச்சிமுத்து, யாருக்கென்றில்லாமல். அவர் இன்னும் கதவுக்கு வெளியேதான் நின்றிருந்தார். வெயிலில் சாவி சுட்டது. வலது உள்ளங்கையில் அதை வைத்தபடி விரல்களை மடக்கினார். ஒன்று வந்தது. அடுத்தது வந்தது. சுண்டுவிரல் மட்டும், கூப்பிட்டது காதில் விழாத மாதிரி, நெடுஞ்சாலைப் பக்கம் நீண்டு நின்றது.