செட்ரிக் துவைத்த சட்டை

என் கணவர் செட்ரிக் பிப்ரவரியில் இறந்துபோனார். மே மாதம் வரை அந்த அறைக் கதவை நான் திறக்கவில்லை. திறந்ததும் பழைய பருத்தியும் பாச்சை உருண்டையும் கலந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. சுவருக்குச் சுவர் கட்டிய கம்பியில் அவர் சேர்த்த பழைய ராணுவச் சட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன. எல்லாம் பச்சை, பழுப்பு, கறுப்பு, மணல் நிறம். பிள்ளை பிறந்திருந்தால் அது பிள்ளையின் அறையாகியிருக்கும். பிறக்கவில்லை, அதனால் பிரிட்டிஷ் ராணுவம் குடிவந்துவிட்டது என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் செட்ரிக் சொல்வார்.

கம்பியின் கடைசியில், தனியாக ஓர் உறைக்குள், டெனிசன் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் பாராசூட்டில் குதித்த எங்கள் வீரர்கள் மேலே அணிந்த உருமறைப்புச் சட்டை அது. தலைவழியாகப் போட வேண்டும், ஜிப் பாதி மார்போடு நின்றுவிடும். பின்னால் ஒரு வால் தொங்கும். குதிக்கும்போது காற்றில் சட்டை மேலே ஏறாமல் இருக்க, அந்த வாலைக் கால்களுக்கு நடுவே இழுத்து முன்னால் மாட்டிக்கொள்வார்கள். லீட்ஸ் பக்கம் ஒரு வீட்டைக் காலி செய்தவர்களிடம் செட்ரிக் அதை வாங்கினார். போர்க்காலத்துச் சட்டைதான், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்கு என்று லேபிளே சொல்கிறது என்பார். போருக்குப் பிறகு தைத்தவையும், அதே மாதிரி பெல்ஜியத்தில் தைத்தவையும், வேண்டுமென்றே ஏமாற்றத் தைத்தவையும் சந்தையில் நிறைய உண்டு.

பாராசூட் படைப்பிரிவின் அருங்காட்சியகத்தில் புது அறை ஒன்று திறப்பதாக இருந்தது. அங்கே கண்ணாடிக்குள் ஒரு டெனிசன், அதன் கீழே 'செட்ரிக் ஹாலம் அளித்தது' என்று ஓர் அட்டை. மருத்துவமனையில் படுத்திருந்த நாட்களில் தன் நோயைப் பற்றிப் பேசியதைவிட அந்த அட்டையைப் பற்றித்தான் அவர் அதிகம் பேசினார். அவருக்காக நான் செய்ய மீதமிருந்த ஒரே காரியம் அதுதான். ஆனால் அருங்காட்சியகத்துக்காரப் பெண் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டாள். சனிக்கிழமை மேசை ஒப்புக்கொண்டால் எடுத்துக்கொள்கிறோம், இல்லையென்றால் மன்னிக்கணும்.

சனிக்கிழமை மேசை என்பது எங்கள் ஓட்லி ஊரில், கிரிக்கெட் சங்கத்து மாடியில் கூடும், செட்ரிக்கைப் போலச் சட்டை சேர்க்கிற சட்டைக்காரர்கள். ஒருவர் கொண்டுவந்ததை மற்றவர்கள் மேசையில் விரித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். அதுவரை சட்டைக்குச் சொந்தக்காரர் வாயைத் திறக்கக் கூடாது, டீ போட வேண்டும். ஒரு வார்த்தை பேசினாலும் சட்டை மடிக்கப்பட்டு வீட்டுக்குப் போகும், ஒரு வருடத்துக்குத் திரும்பி வர முடியாது. ஏனென்றால் எந்தச் சட்டையும் தனியாக வருவதில்லை, கூடவே ஒரு கதையும் வரும். எங்கள் தாத்தா ஆர்னெமில் குதித்தபோது போட்டிருந்தது என்பார்கள், எங்கள் சித்தப்பா ரைன் நதியைத் தாண்டியபோது போட்டிருந்தது என்பார்கள். துணி பேசட்டும், ஆள் பேச வேண்டாம் என்று அந்த விதியைக் கொண்டுவந்ததே செட்ரிக்தான்.

என்னிடமும் ஒரு கதை இருந்தது, அதுதான் சிக்கல். மூன்று குளிர்காலங்களுக்கு முன் எங்கள் பூனை டச்சஸ் அந்த டெனிசனுக்குள் புகுந்து குட்டி போட்டுவிட்டது. செட்ரிக் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, வீட்டிலிருந்த சலவைத்தூளைப் போட்டு, கையாலேயே அதைத் துவைத்தார். வெளியே வந்தபோது முகம் வெளிறியிருந்தது. "நீ எதையும் பாக்கல, வின்னி," என்றார். சட்டைக்காரர்களிடையே துவைப்பதைப் போலப் பாவம் வேறில்லை. இந்தக் காலத்துச் சலவைத்தூளில் துணியை வெளுப்பாகக் காட்டும் ஏதோ ஒன்று இருக்கிறது. அது ஏறிய துணி புறஊதா விளக்கின் அடியில் நீலமாக ஒளிரும். போருக்குப் பிறகு நெய்த துணியும் அப்படித்தான் ஒளிரும். ஒரு தடவை துவைத்துவிட்டால் பழையது எது, புதியது எது என்று விளக்குக்குத் தெரியாது.

அன்று மேசையில் மூன்று பேர் இருந்தார்கள். பஸ் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெர்னார்ட் தான் தலைவர். நெவில் பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவர், விளக்கு அவருடையது. கீத் கசாப்புக் கடைக்காரர், மூவரில் இளையவர், வாய் அதிகம்.

"வாங்க வின்னி. உக்காராதீங்க, கெட்டில் அங்க இருக்கு," என்றார் பெர்னார்ட். "விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"செட்ரிக் போட்ட டீயைக் குடிச்சே நாங்க உயிரோட இருக்கோம். உங்க டீ எங்களை ஒண்ணும் செய்யாது," என்றார் கீத்.

நான் சிரித்தேன், பேசவில்லை. தண்ணீரை வைத்துவிட்டுத் திரும்பியபோது டெனிசன் மேசையில் கைகளை விரித்துக்கொண்டு கிடந்தது.

முதலில் எல்லாம் நன்றாகவே போயிற்று. பெர்னார்ட் ஜிப்பை மேலும் கீழும் இழுத்தார். "பித்தளை. சரியான பல்லு." மணிக்கட்டில் கம்பளி நூலால் பின்னிய பட்டையை விரலால் தடவினார். "பூச்சி அரிச்சிருக்கு. நல்லது, பூச்சிக்குப் பழசுதான் பிடிக்கும்."

"எங்க மாமியாருக்கும்," என்றார் கீத்.

"வால்?"

"இருக்கு தலைவரே. என்னைவிட நல்லா இருக்கு."

நெவில் முதுகுப்பக்கத்துப் பச்சைத் தீற்றல்களுக்கு மேல் குனிந்திருந்தார். "இது பிரஷ்ஷால அடிச்சது. இங்க பாரு, மயிர் இழுத்த கோடு தெரியுது. அச்சு இல்ல, பழைய முறை."

அட்டை கண்ணாடிக்குள் போய் உட்கார்ந்துவிட்டதாகவே நினைத்தேன்.

"சரி, திரையை இழு," என்றார் பெர்னார்ட்.

கீத் ஜன்னல் திரைகளை இழுத்து மூடினார். நெவில் விளக்கைப் போட்டார். டெனிசன் கழுத்திலிருந்து வால்வரை, நீச்சல்குளத்துத் தண்ணீரைப் போல நீலமாக ஒளிர்ந்தது.

இதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தேன். ஆனால் அடுத்து வந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. நெவில் விளக்கைக் கழுத்தின் உள்பக்கம் கொண்டுபோனார். அந்த நீலத்துக்கு நடுவே லேபிள் மட்டும் கறுப்பாக, செத்துப்போனதுபோல் கிடந்தது.

"அய்யய்யோ," என்றார் கீத் மெதுவாக.

நெவில் பூதக்கண்ணாடியை எடுத்தார். "கைத்தையல். மெஷின் தையல் இல்ல. யாரோ பின்னால வெச்சுத் தெச்சிருக்காங்க."

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும். செட்ரிக்கோடு முப்பது வருடம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா? கந்தலாகிப்போன உண்மைச் சட்டையிலிருந்து லேபிளை எடுத்து, புதுச் சட்டையில் வைத்துத் தைப்பது ஏமாற்றுக்காரர்களின் பழைய வேலை. துணி ஒளிரும், லேபிள் ஒளிராது.

"செட்ரிக் அப்படிப்பட்ட ஆள் இல்லப்பா," என்றார் பெர்னார்ட்.

"நான் அப்படிச் சொன்னேனா? அவரை யாராவது ஏமாத்தியிருக்கலாம்," என்றார் நெவில்.

"செட்ரிக்கையா? கைத்தையலைப் பத்து கஜத்துல இருந்து பாத்துச் சொல்ற ஆளு அவரு." கீத் என் பக்கம் பார்க்காமல் பேசினார். "தெரியாம இருந்திருக்க முடியாது. எனக்கே கஷ்டமா இருக்கு, ஆனா முடியாது."

அவர் துவைத்தார், பூனை குட்டி போட்டது என்று நான் கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் சட்டை மடிக்கப்பட்டிருக்கும். அதைவிட ஒன்று என் வாயை அடைத்தது. துவைத்தது எனக்குத் தெரியும், லேபிள் விஷயம் எனக்குத் தெரியாது. தாழிட்ட குளியலறைக்குள் அவர் வேறு என்ன செய்தார்? கண்ணாடிக்குள் தன் பெயரைப் பார்க்கும் ஆசை அவரை எதுவரை கொண்டுபோயிருக்கும்? டீத்தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நிமிடத்தில், என் புருஷனை நானே சந்தேகப்பட்டேன்.

"மடிச்சிடலாமா?" என்றார் நெவில்.

தட்டைக் கீழே வைத்தேன். கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் சின்னக் கத்தரிக்கோலை எடுத்து, மேசையில், அந்த லேபிளுக்குப் பக்கத்தில் வைத்தேன். பேசவில்லை. பெர்னார்ட் கத்தரிக்கோலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பிரிக்கச் சொல்றீங்களா?"

தலையாட்டினேன்.

"தலையாட்டுறது பேச்சுல சேருமா?" என்றார் நெவில்.

"வாயை மூடு நெவில்," என்றார் பெர்னார்ட். "அடியில என்ன இருந்தாலும் நாங்க சொல்லித்தான் ஆகணும் வின்னி. புரியுதில்ல?"

மறுபடி தலையாட்டினேன். அதற்குள் எனக்கு அட்டைகூட மறந்துபோயிருந்தது. தெரிந்தால் போதும் என்றிருந்தது.

கீத் திரைகளைத் திறந்தார். பெர்னார்டின் தடித்த விரல்கள் ஒவ்வொரு தையலாக வெட்டின. மூன்று பக்கம் பிரிந்ததும் லேபிளைப் புத்தகத்தின் தாளைப் புரட்டுவதுபோல மெல்லப் புரட்டினார். நெவில் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். அவர் முதுகைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"பழைய ஓட்டை இருக்கு," என்றார் நெவில். "துணியிலும் இருக்கு, லேபிளிலும் இருக்கு. மெஷின் ஊசி போன ஓட்டை." லேபிளை இறக்கி வைத்தார், தூக்கினார், மறுபடி இறக்கி வைத்தார். "ஒண்ணுமேல ஒண்ணு உக்காருது. ஒண்ணுகூட விலகல. கைத்தையல் போட்டவன் அதே ஓட்டை வழியாவே நூலைக் கொண்டுபோயிருக்கான். யாருடா இவ்வளவு மெனக்கெடுவான்?"

"நமக்கு ஒருத்தரைத் தெரியும்," என்றார் கீத்.

"இரு. இங்க பாரு. அம்பு."

அரசாங்கத்துப் பொருள் என்பதற்கு அடையாளமாக லேபிளில் குத்தும் அம்பு முத்திரையின் மை, வருடக்கணக்கில் அடியிலிருந்த துணியில் இறங்கியிருந்தது. கண்ணாடியில் பார்ப்பதுபோல வருடமும் அளவும் திரும்பி நின்றன. வெளிறியிருந்தாலும் அந்த இரண்டு நான்குகளும் தெளிவாகத் தெரிந்தன.

பெர்னார்ட் நிமிர்ந்தார். "இந்த லேபிள் இந்தச் சட்டையிலதான் பொறந்திருக்கு. லேபிள் ஒளிரல. அப்படின்னா சட்டையும் ஒளிரக் கூடாது. நடுவுல யாரோ லேபிளைக் கழட்டிட்டு..." நிறுத்தினார். அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"துவைச்சிருக்கான்," என்றார் நெவில்.

"மை கலைஞ்சிடக் கூடாதுன்னு லேபிளை மட்டும் கழட்டி வெச்சிட்டுத் துவைச்சிருக்கான்," என்றார் பெர்னார்ட்.

கீத் துணியின் மேல் விரலை வைத்து எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மெல்லிய வெள்ளை முடி. "இது மனுஷ முடி இல்ல தலைவரே. நான் தினம் தோலு, முடி பாக்கிறவன். இது பூனை."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"தீர்ப்பு: நாற்பத்து நாலு, அசல்," என்றார் பெர்னார்ட் அவசரமாக. "எல்லாருக்கும் சம்மதமா? சம்மதம். வின்னி, இப்ப நீங்க பேசலாம். தயவுசெஞ்சு பேசுங்க."

சொன்னேன். டச்சஸ், குட்டிகள், தாழிட்ட கதவு, வெளிறிய முகம் எல்லாம் சொன்னேன். முடிப்பதற்குள் கீத் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"ஒரே ஒரு கால்சட்டை! ஒரே ஒரு கால்சட்டையை நான் துவைச்சேன்னு ஈஸ்டர் வரைக்கும் என்கிட்ட பேசல அந்த மனுஷன்! பாத்ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டா? அட கள்ளப் பயலே!"

நெவில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெர்னார்டின் தொந்தி மேசையின் விளிம்பில் இடித்துக் குலுங்கியது. சவ அடக்கத்துக்குப் பிறகு செட்ரிக்கைப் பற்றி எல்லோரும் தாழ்ந்த குரலில், நல்ல வார்த்தைகளாகத் தேர்ந்தெடுத்துத்தான் என்னிடம் பேசியிருந்தார்கள். ஒருவர் அவரைத் திட்டிக் கேட்டு எத்தனை காலமாயிற்று! நானும் சிரித்தேன். விலா வலிக்கச் சிரித்தேன்.

பிறகு லேபிளைத் திரும்பத் தைக்க வேண்டியிருந்தது. பெர்னார்டுக்கு ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை, நெவிலுக்குக் கை நடுங்கியது. ஜன்னலோரம் உட்கார்ந்து நானே தைத்தேன். பழைய ஓட்டைகள் வழியாகவே ஊசி தானாகப் போயிற்று. அந்த வெள்ளை முடி மேசையில் கிடந்தது. அதை எடுத்து லேபிளுக்கு அடியில் வைத்து, மூன்றாவது பக்கத்தையும் மூடினேன்.

"பாத்துட்டேன்," என்றார் கீத்.

"நீ எதையும் பாக்கல," என்றேன்.

செவ்வாய்க்கிழமை பெர்னார்ட் தன் காரில் என்னையும் டெனிசனையும் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடாயிற்று. படியிறங்கும்போது நெவில் பின்னாலேயே வந்தார். "அடுத்த வாரம் என்ன கொண்டு வர்றீங்க வின்னி?"

கம்பியில் நடுவே ஒரு பழைய மழைச்சட்டை இருந்தது, பையெல்லாம் விசித்திரமான இடத்தில். செட்ரிக்கே கடைசிவரை அது என்னவென்று முடிவுக்கு வரவில்லை. அதைப் பற்றி நெவிலிடம் சொன்னேன்.

"என்ன துணி?" என்றார்.

"நான் எதுக்குச் சொல்லணும்? நீங்களே பாத்துச் சொல்லுங்க. டீக்குச் சர்க்கரை எத்தனை ஸ்பூன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."